தூங்குவதற்காகக் குடிக்கிறவர்

(செஞ்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செஞ்சிக்காரர்களிடம் போரைப் பற்றிப் பேச ஒரு வெளியூர்க்காரன் வருவது கொஞ்சம் துணிச்சல்தான். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வெளியே முற்றுகையிட்டுக் கிடந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், 1761-இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான். இருந்தாலும் இத்தனை பேரில் உங்கள் மனசுக்கு நெருக்கமானவர் 1714-இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி மாண்ட தேசிங்குதான். கூத்துக் கட்டுகிறீர்கள், கதை சொல்கிறீர்கள், குதிரைக்கும் நண்பன் மோவுத்துக்காரனுக்கும் சேர்த்து அழுகிறீர்கள். அந்தச் சண்டையில் சாகாமல் வீடு திரும்பிய சிப்பாய்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் அப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று எந்தக் கூத்திலும் நான் கேட்டதில்லை.

வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று இந்த வடபகுதி முழுவதும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய மண். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் நம் ஊர்கள் பலவற்றில் ஒரு கல் பதித்தான். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருகிறதே, அந்த ஆட்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒருவரை உங்கள் முன் நிறுத்துகிறேன். இவர் ஒரே ஆள் கிடையாது. சிகிச்சை அறையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதால், பலரிடம் கண்டதைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். பதினெட்டு வயதில் சேர்ந்தவர், ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். காஷ்மீரில் ‘ஆர்.ஓ.பி.’ எனும் சாலைத் திறப்புப் பணியில் இருந்தார். கான்வாய் புறப்படுமுன், விடியற்காலையில், சாலையின் இரு ஓரமும் நடந்து மதகு, குப்பைமேடு, புதிதாகக் கிளறிய மண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும் வேலை. ஒருநாள் பக்கத்தில் நடந்தவர் கால் வைத்த இடத்தில் வெடித்தது.

அவர் ஊருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் திருவண்ணாமலை ரோட்டில் டி.வி.எஸ். வண்டியில் போகும்போது ஓரத்தில் ஒரு சிமெண்டு மூட்டை கிடந்தால், எதிரே லாரி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் வண்டியை மறுபக்கம் ஒடித்துவிடுகிறார். டீக்கடையில் சுவரோரம் முதுகு கொடுத்து, வாசல் தெரிகிற மாதிரி உட்காருகிறார். அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தால் டீயே வேண்டாமென்று திரும்பிவிடுகிறார். கல்குவாரியில் வெடி வைக்கும் நேரம் அவருக்கு மனப்பாடம். அதற்குப் பத்து நிமிஷம் முன்பே கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு நிற்பார், அந்த இரைச்சலில் இது அமுங்கட்டும் என்று.

சாயங்காலம் ஏழு மணிக்கு முதல் ரவுண்டு. ராணுவக் கேன்டீன் கார்டில் அவர் ரேங்குக்கு மாதம் இத்தனை பாட்டில் என்று கோட்டா உண்டு. அது இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும், பிறகு டாஸ்மாக். ஊரில் அவருக்குப் பெயர் ‘மிலிட்டரி’. அந்தப் பெயரில் மரியாதையும் இருக்கிறது, கேலியும் இருக்கிறது. பொண்டாட்டி என்னிடம் சொன்னது: “பட்டாளத்துல அவருக்கு ஒண்ணும் ஆகல சார். இங்க வந்துதான் குடிச்சுக் கெட்டுப்போனாரு.” அவரிடம் கேட்டால் ஒரே வரி: “தூங்கறதுக்குத்தான் சார் குடிக்கிறேன்.”

குடிக்கிறவர்கள் சொல்லும் சாக்குகளில் இதுவும் ஒன்று என்று நம்மில் பெரும்பாலோர் கடந்துவிடுகிறோம். நான் அதை அப்படியே நம்புகிறேன். மது, இரவின் முற்பகுதியில் கனவு வரும் தூக்கத்தை அமுக்கிவிடுகிறது. அந்த வெடிப்பு கனவில் வராமல் ஒரு மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கிறது. போதை இறங்கியதும் அமுங்கிக் கிடந்த கனவுத் தூக்கம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. இரண்டரை மணிக்கு வியர்த்து எழுகிறார். மறுபடி ஊற்றிக்கொள்கிறார். அவர் கண்டுபிடித்த மருந்து வேலை செய்யவே செய்கிறது, அரை இரவுக்கு. அந்த அரை இரவுக்கான விலையாக ஈரல் போகிறது, குடும்பம் போகிறது, கடைசியில் அந்தத் தூக்கமும் போகிறது.

இதற்குச் சாட்சி கார்த்திகை மாதத்தில் கிடைக்கும். மாலை போட்டுக்கொள்வார். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு கிடையாது. வீடே ஐயப்பனுக்கு நன்றி சொல்லும். ஆனால் ஐந்தாம், ஆறாம் இரவிலேயே அவர் டார்ச் லைட்டோடு மொட்டைமாடியில் ரோந்து சுற்ற ஆரம்பித்திருப்பார். விரதத்தில் தூக்கம் குறைவு என்று வீட்டார் நினைப்பார்கள். மாலை கழற்றிய அன்று பாட்டில் திரும்ப வரும். ‘மன உறுதி இல்லாத ஆள்’ என்று முத்திரை குத்துவார்கள். நாற்பத்தெட்டு நாள் அந்த இரவுகளைப் பச்சையாகத் தாங்கிய ஆளுக்கா மன உறுதி இல்லை?

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வருஷக்கணக்காகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து குழம்பிப்போகும் நிலை வரலாம். அதில் உயிரே போகலாம். மாலை போடுவதாக இருந்தாலும், கோயிலில் கயிறு கட்டுவதாக இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. இன்னொன்று, நம் வீடுகளில் ரகசியமாக நடப்பது. குடியை வெறுக்கவைக்கும் மாத்திரை என்று டைசல்பிராமைக் குழம்பில் கலந்து கொடுக்கிறார்கள். அதைத் தின்ற ஆள் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே தடுமாறும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. போரில் யாரையும் நம்ப முடியாமல் வந்த மனுஷன், வீட்டுச் சோற்றையும் சந்தேகப்படும்படி செய்துவிடாதீர்கள் தாய்மார்களே.

போர் மனதில் இறக்கும் வடுவை மருத்துவம் பேசத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வரலாற்றில் ஒரு இழை நம் நீலகிரி வழியாக ஓடுகிறது. தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் பெரும் நூல் எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸை மானிடவியல் மாணவர்கள் அறிவார்கள். அதே ரிவர்ஸ்தான் முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், மனம் உடைந்து வந்த அதிகாரிகளுக்குச் சிகிச்சை தந்தவர். கவிஞர் சிக்பிரிட் சசூன் அவரிடம் இருந்தவர். அந்தக் காலத்தில் எல்லோரும் கொடுத்த அறிவுரை ஒன்றே: மறந்துவிடு, வேறு எதையாவது நினை. பகலெல்லாம் அமுக்கியது இரவில் கிளம்புகிறது என்று ரிவர்ஸ் கண்டார். பேசவிட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனும் அதே நீலகிரியில்தான் இருக்கிறது. தோடர் குடியிருப்புகளான மந்துகளில் குறிப்பேட்டோடு அலைந்தவரின் இந்த இரண்டாவது பாடம் வெலிங்டனில் பயின்று போன நம் பிள்ளைகளுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

1980-இல்தான், வியட்நாம் போருக்குப் பிறகு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்த மனவடுவை ஒரு நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. அங்கே முன்னாள் படைவீரர் துறை சொல்லும் கணக்கு இது: மனவடு நோய் உள்ள படைவீரர்களில் பத்தில் இரண்டு பேருக்குப் போதைப் பழக்கமும் இருக்கிறது. போதைக்குச் சிகிச்சை தேடி வரும் படைவீரர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனவடு இருக்கிறது. ஆக, இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமே இல்லை.

வியட்நாமிலிருந்தே இன்னொரு செய்தி. அங்கே ஹெராயினுக்கு அடிமையான சிப்பாய்களை, ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். இடம் மாறியது, கிடைப்பது நின்றது, பெரும்பாலோருக்குப் பழக்கமும் நின்றது. நம் ஆளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பட்டாளத்தில் குளிருக்கென்று பழகிய ரம், பென்ஷன் வந்த பிறகும் கார்டில் தொடர்கிறது. கேன்டீனை மூடச் சொல்லவில்லை நான். அப்படிச் சொல்லிவிட்டு இந்த மண்டபத்திலிருந்து பத்திரமாக வெளியே போக முடியாது என்பதும் தெரியும்! அந்தக் கவுண்ட்டரில் பாட்டிலை எண்ணிக் கொடுக்க ஆள் இருக்கிறார், எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்க ஆள் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நமக்கே உரிய ஒரு காயமும் உண்டு. 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன அமைதிப்படை. ஏறத்தாழ 1,200 பேர் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவும் திரும்பியது. தமிழர்களுக்கு எதிராகப் போரிட்ட படையை வரவேற்க மாட்டேன் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதன் அரசியல் நியாயத்துக்குள் நான் நுழையவில்லை, இந்த அவையிலேயே இரண்டு பக்கமும் ஆள் இருப்பீர்கள். அந்தப் படையில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்களே, அவர்களைப் பாருங்கள். சோதனைச் சாவடியில் நின்ற கிழவி ‘தம்பி’ என்று தமிழில் கூப்பிட்டது அவர்களுக்கு மட்டும்தான் புரிந்தது. ஊருக்கு வந்து அதைச் சொன்னால் கேட்கிற காது இல்லை. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே, ஹோமரின் அக்கிலீஸை வைத்து 1994-இல் எழுதிய நூலில், பொறுப்பில் இருப்பவர்கள் நியாயத்தைக் கைவிடுவதால் வரும் காயத்தைப் பற்றிப் பேசினார். நம் பிள்ளைகளுடையதும் பயத்தால் வந்த காயம் இல்லை. தான் செய்ததை, அல்லது தடுக்காமல் நின்றதை, மனசாட்சி மன்னிக்காததால் வந்த காயம். பயம் பழகப் பழகத் தணியும். குற்றவுணர்ச்சிக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து, அன்று உன் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று நிதானமாகப் பிரித்துப் பேச வேண்டும்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். நம் ஹவில்தார் மருத்துவமனைக்கே போகிறார் என்று வையுங்கள். மனநலப் பிரிவில், “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாங்க, அப்புறம் இதைப் பார்க்கலாம்” என்கிறார்கள். குடிமீட்பு மையத்தில், “இங்கே குடியைப் பற்றி மட்டும் பேசுவோம், பழைய கதையைக் கிளறினால் மறுபடி குடிப்பீங்க” என்கிறார்கள். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். நானும் இந்தத் துறையில் அப்படித்தான் பயிற்றுவிக்கப்பட்டேன். அவரோ, நிறுத்தினால் கனவு வரும், கனவு வந்தால் நிறுத்த முடியாது என்ற சுற்றில் நிற்கிறார். ஒரு வாசலுக்கும் இன்னொரு வாசலுக்கும் நடுவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறார். இத்தனைக்கும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டம் சேர்த்து வைத்ததை ஆஸ்பத்திரித் தாழ்வாரம் பிரிக்கிறது.

பழைய கதையைக் கிளறினால் குடி கூடும் என்ற பயம் உண்மைதானா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் ஆஸ்திரேலியாவில் கேத்தரின் மில்ஸ் குழுவினர், போதைப் பழக்கமும் மனவடுவும் சேர்ந்த 103 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இரண்டுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மனவடு அறிகுறிகள் குறைந்தன, போதைப் பழக்கம் மோசமாகவில்லை. 2019-இல் அமெரிக்காவில் சோன்யா நார்மன் குழுவினர், மதுப் பழக்கமும் மனவடுவும் உள்ள 119 படைவீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சமாளிக்கும் உத்திகள் மட்டும். மற்றவர்களுக்கு அந்த நினைவையே நேருக்கு நேர் பேசும் சிகிச்சை, கூடவே குடிப்பழக்கத்துக்கும் சிகிச்சை. குடி இரு பிரிவிலும் ஒரே மாதிரி குறைந்தது. நினைவைப் பேசியவர்களுக்கு மனவடு கூடுதலாகத் தணிந்தது. பாதியில் நின்றுவிடுகிறவர்கள் இத்தகைய சிகிச்சைகளில் நிறைய, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிளறாதே என்ற அந்தப் பழைய விதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இப்படி இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் அறையில் என்னதான் நடக்கிறது? வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ பன்னிரண்டு அமர்வுகள். முதலில் பாதுகாப்பு: உடம்பிலிருந்து மதுவை மருத்துவக் கண்காணிப்பில் இறக்குவது. வங்கிக் காவல் வேலைக்கென்று லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறாரா, அது இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்பது. பிறகு ஒரு நோட்டு. ஒரு பக்கம் அன்று எது மனதைக் கலக்கியது, பக்கத்திலேயே குடிக்கத் தோன்றியது எத்தனை மணிக்கு, நூற்றுக்கு எவ்வளவு. ரிப்போர்ட் எழுதிப் பழகிய ஆட்கள் இதைப் பிரமாதமாக எழுதுகிறார்கள். இரண்டு வாரத்தில் அவரே விரல் வைத்துக் காட்டுவார்: “வெடி போட்டது நாலு மணி சார், கை பரபரத்தது நாலே கால்.” குடியும் நினைவும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி என்று நான் சொல்லிக் கேட்டதைவிட, தன் கையெழுத்தில் பார்ப்பதற்குப் பலம் அதிகம்.

அடுத்து ஒரு பட்டியல், சுலபத்திலிருந்து கஷ்டத்துக்கு. டீக்கடையில் வாசலுக்கு முதுகு காட்டிக் கால்மணி நேரம் உட்காருவது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக் கூட்டத்தின் நடுவில் நிற்பது. ரோட்டோரச் சாக்குமூட்டையைத் தாண்டி நேராகப் போவது. குவாரி வெடி நேரத்தில் மோட்டார் போடாமல் இருப்பது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஓடாமல் நின்றால் தானாக இறங்கும். குடிக்கவேண்டும் என்ற வெறியும் அப்படியே ஏறி இறங்குவது என்பதை அவர் இங்கேதான் கற்றுக்கொள்கிறார். ஒரே பாடம் இரண்டுக்கும் உதவுகிறது.

கஷ்டமானது அதற்குப் பிறகு. கண்ணை மூடிக்கொண்டு, அந்த விடியற்காலையை, இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். செல்போனில் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். இங்கே நான் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. நன்றாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், வெடிப்பை நெருங்கும்போது இந்திக்குப் போய்விடுகிறார். கட்டளைகள் இந்தியில், கூட நடந்தவரோடு பேசியது இந்தியில், அவர் கடைசியாகச் சொன்னதும் இந்தியில். அந்த நினைவுக்குத் தமிழே தெரியாது! எனக்கிருக்கும் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு நான் குறுக்கே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பல வாரம் கழித்து ஒருநாள் முழுவதையும் தமிழில் சொன்னார். அன்று சாயங்காலம் பொண்டாட்டிக்கும் அதைச் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு, தன் வீட்டுக்காரரோடு நடந்த அந்த வடநாட்டுக்காரரின் பெயர் முதல்முறையாகத் தெரிந்தது.

நடுவில் ஒருமுறை குடித்துவிட்டும் வந்தார். அன்று நினைவைப் பேசவில்லை, மறுநாள் வரச் சொன்னேன். குடித்த காரணத்துக்காகச் சிகிச்சையை நிறுத்துவது, காய்ச்சல் அடிக்கிறதென்று காய்ச்சல்காரரை வெளியே அனுப்புவதுதான்.

இதெல்லாம் பட்டாளத்திலேயே ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ‘ஷேப்’ என்று ஒரு மருத்துவத் தரம். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தே மனநிலையைக் குறிக்கிறது. அதில் தரம் இறங்கினால் புரமோஷன், போஸ்டிங் எல்லாம் பாதிக்கும் என்று ஜவானுக்குத் தெரியும். தூக்கம் வரவில்லை என்று சொல்வதைவிட இரண்டு பெக் கூடக் குடித்துவிட்டுப் படுப்பது அவருக்குப் பாதுகாப்பு. அந்த மௌனத்தோடுதான் பென்ஷன் வருகிறார். 2022 அக்டோபரில் டெலி-மனஸ் வந்தது, 14416. 2023 டிசம்பரில் படையினருக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப்பிரிவும் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். போனை எடுத்து அழைப்பவர் யார் என்பதுதான் கேள்வி. 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோது, குடிக்கிறவரோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் உட்காரவைத்தார். அந்த வழி இங்கேயும் வேண்டும். பட்டாளத்துக்காரரின் மனைவி, லீவில் வந்த மனுஷனைத்தான் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். வருஷத்தில் இரண்டு மாதம் பார்த்த ஆளோடு, பென்ஷனுக்குப் பிறகு முழுநேரமும் முதல்முறையாகக் குடித்தனம் நடத்துகிறார். தூக்கத்தில் அவரைத் தொட்டு எழுப்பக்கூடாது, கால்மாட்டில் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைக்கூட யாரும் மனைவிக்குச் சொல்லித் தரவில்லை.

செஞ்சியில் மனநல மருத்துவமனை கட்டுங்கள் என்று கேட்டுவிட்டுப் போகலாம். அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வங்கிக்கோ, சேவை மையத்துக்கோ வருகிறார்கள். விரலை வைக்கிறார்கள், இயந்திரம் ‘இருக்கிறார்’ என்கிறது, போய்விடுகிறார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட வேண்டும். பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், கூடவே குடியிலிருந்து மீண்ட ஒரு முன்னாள் படைவீரர். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள், தூங்க எவ்வளவு தேவைப்படுகிறது? இரண்டாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதில் சொல்கிறவருக்கு அங்கேயே ஒரு தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். குடிக்கு ஒரு தேதி, மனசுக்கு ஒரு தேதி என்று இரண்டு சீட்டு வேண்டாம், ஒரே சீட்டு. முன்னாள் படைவீரர் சங்கத்தார் இந்த அவையில் இருக்கிறீர்கள். இந்த நவம்பருக்கு ஒரு நாற்காலியில் உட்காரச் சம்மதிக்கும் ஒருவரின் பெயரை, இன்று டிபன் முடித்துப் போவதற்குள் என்னிடம் எழுதிக் கொடுங்கள். செவிலியருக்குப் பயிற்சி தரும் பொறுப்பு என்னுடையது.